வாசனையும் சாட்சியமும்

சில வருஷங்களுக்கு முன், ஒரு நாவலுக்கு வேண்டிய விவரங்களைச் சேகரிப்பதற்காக, ஒரு ஜில்லாத் தலைநகரின் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அடிக்கடி போய்க்கொண்டிருந்தேன். மனிதர்களைப் பார்ப்பதற்குக் கோர்ட்டு வராந்தாவைப் போல ஏற்ற இடம் வேறு கிடையாது. கோயிலுக்குப் போகிறவன்கூடக் கொஞ்சம் வேஷம் போட்டுக்கொள்கிறான். கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கிறவனுக்கு வேஷம் போடத் தெம்பு இருப்பதில்லை.

அங்கே ஒரு கிழவியை மூன்று வாய்தாக்களில் பார்த்தேன். அவளுடைய பேரன் காலில் லாரி ஏறிவிட்டது. ஓட்டியவன் குடித்திருந்தான் என்பது போலீஸ் தரப்பு. அன்று டாக்டர் கூண்டில் ஏறினார். எதிரி தரப்பு வக்கீல் அவரை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். என்ன வாசனை, எவ்வளவு தூரத்திலிருந்து முகர்ந்தீர்கள், ரத்தம் எடுத்தீர்களா, எடுக்கவில்லையென்றால் ஏன், மணி என்ன, குறித்து வைத்தீர்களா என்று கேள்விமேல் கேள்வி. டாக்டருக்கு வியர்த்துவிட்டது. கிழவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, குடிச்சுட்டு வண்டியை ஏத்தினவனுக்கும் பேச ஆள் உண்டா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்டு என்பது சட்டம். அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை.

அந்த வக்கீல் எனக்குத் தெரிந்தவர்தான். மாலையில் அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓய், நான் குடிக்குப் பரிந்து பேசவில்லை. குடித்தான் என்று சொல்லுகிறீர்களே, எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். அவ்வளவுதான் என் தொழில்" என்றார்.

தொழில் சாமர்த்தியமான பதில் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்ததில், "எப்படித் தெரியும்?" என்ற அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்தது. கிழவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அந்தச் சரித்திரத்தில்தான் இருக்கிறது.

மோட்டார் பிறப்பதற்கு முன்பே இந்தச் சட்டம் பிறந்துவிட்டது. 1872-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட மதுக்கடை லைசென்ஸ் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பொதுச் சாலையில் வண்டி, குதிரை, மாடு, நீராவி யந்திரம் இவற்றில் எதையாவது தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு குடிமயக்கத்தில் இருப்பவனுக்கு அபராதம் அல்லது சிறை. குண்டு போட்ட துப்பாக்கியோடு குடித்திருப்பவனையும் அதே பிரிவு சேர்த்துக்கொண்டது. மாட்டையும் துப்பாக்கியையும் ஒரே வரியில் கட்டிப் போட்ட அந்தச் சட்டகர்த்தா, வருங்காலத்தில் மோட்டார் இவ்விரண்டின் குணத்தையும் கொண்டு வரப் போகிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்.

1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் லண்டன் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை போகும்போது எழும் ரீங்காரத்தை வைத்து ஜனங்கள் அவற்றுக்குத் தேன்சிட்டு என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம் 10-ந் தேதி, நள்ளிரவு கழிந்த நேரத்தில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருபத்தைந்து வயது வண்டிக்காரர் நியூ பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தின்மீது தம் வண்டியை மோதினார். கோர்ட்டில் இரண்டு மூன்று கிளாஸ் பீர் குடித்ததாக ஒப்புக்கொண்டார். அபராதம் விதித்தார்கள். மோட்டார் வாகனத்தைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதர் என்று சரித்திரம் அவரைக் குறித்துக்கொண்டது.

அந்த வழக்கில் ஒரு சௌகரியம் இருந்தது. எதிரியே ஒப்புக்கொண்டுவிட்டார். எப்படித் தெரியும் என்ற கேள்வி எழவே இல்லை. ஆனால் எல்லோரும் ஜார்ஜ் ஸ்மித்தாக இருப்பார்களா? "நான் குடிக்கவில்லை" என்று ஒருவன் சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது?

அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருஷ காலம் உலகமெங்கும் போலீஸ்காரரின் மூக்கும் டாக்டரின் கண்ணும்தான் சாட்சி. வாயில் வாசனை அடிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, கருவிழியின் பாவை விரிந்திருக்கிறதா, தரையில் சாக்குக் கட்டியால் கிழித்த கோட்டின்மேல் நேராக நடக்கிறானா, நாக்குப் புரளும் வார்த்தைகளைத் தடுமாறாமல் சொல்லுகிறானா என்று பார்ப்பார்கள். இதில் நிஜமும் இருந்தது, அபாயமும் இருந்தது. தலையில் அடிபட்டவனும் தள்ளாடுவான். நீரிழிவு முற்றியவனின் மூச்சிலும் ஒரு வித வாசனை வரும். சற்று முன்புதான் ஒரு மனிதனை வண்டியால் இடித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருப்பவன் குடிக்காமலேயே உளறுவான். நல்ல வக்கீல் கையில் இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகும். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவனுக்கு அதே அடையாளங்கள் விலங்காக மாறும்.

சட்டமும் அப்போது மனிதனின் நிலையைத்தான் கேட்டது, அளவைக் கேட்கவில்லை. பிரிட்டனின் 1930-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் நம் நாட்டில் 1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டமும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைச் சொல்லின. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மது அல்லது மருந்தின் மயக்கத்தில் இருந்தால் குற்றம். 'இயலாத அளவு' என்றால் எந்த அளவு? அதைச் சொல்ல வேண்டியவர் சாட்சி. சாட்சியோ மனிதர்.

இதே சமயத்தில் ஸ்வீடன் தேசத்தின் லுண்ட் சர்வகலாசாலையில் எரிக் விட்மார்க் என்ற பேராசிரியர் வேறு ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார். விரல் நுனியிலோ காது மடலிலோ எடுத்த சில துளி ரத்தத்தைக் கொண்டு அதில் எவ்வளவு சாராயச் சத்து கலந்திருக்கிறது என்று கணக்கிடும் முறையை 1922-ல் வெளியிட்டார். உடம்புக்குள் போன மது மணிக்கு மணி எப்படிக் குறைகிறது என்பதற்கும் கணக்குக் கண்டார். பக்கத்து நாடான நார்வே 1936-ல் அந்தக் கணக்கைச் சட்டமாக்கியது. ரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேல் இருந்தால் குற்றம். தள்ளாடினானா, உளறினானா என்ற கேள்வி கிடையாது.

அமெரிக்காவில் இண்டியானா சர்வகலாசாலையின் ரோலா ஹார்கர் மூச்சைப் பிடித்தார். சந்தேகத்துக்குரியவன் ஒரு பலூனை ஊத வேண்டும். அந்த மூச்சை ஊதா நிறத் திரவத்தின் வழியே செலுத்தினால் மதுவின் அளவுக்கு ஏற்ப நிறம் வெளுக்கும். 1938-ம் வருஷக் கடைசி இரவில் இண்டியானாபொலிஸ் நகரப் போலீஸார் அந்தக் கருவியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 1954-ல் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் அதைவிடக் கையடக்கமான மூச்சுமானியைச் செய்தார். அவர் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். புகைப்படக் கலையில் மோகம் கொண்டவர். நிறம் எவ்வளவு வெளுத்தது என்பதை மனிதக் கண் ஊகிப்பதற்குப் பதிலாக ஒளியை உணரும் கருவியே அளந்து சொல்லும்படி அமைத்தார்.

இனிமேல் வக்கீல்களுக்கு வேலை இல்லை, எண் வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அப்போதுதான் வேலை அதிகமாயிற்று.

முதலாவது கேள்வி, உடம்பு யாருடையது என்பது. ஒருவனைத் தன் வாயாலேயே தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நாகரிக நீதியின் பழைய கொள்கை. வாய் பேசக் கூடாது என்றால் ரத்தம் பேசலாமா? 1964-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர், தம் வக்கீலின் ஆலோசனைப்படி ரத்தம் கொடுக்க மறுத்தார். போலீஸ் அதிகாரியின் உத்தரவுப்படி டாக்டர் ஊசியைப் போட்டு எடுத்தார். வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. ஷ்மெர்பர் வழக்கு என்று பெயர். 1966-ல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். ரத்தம் என்பது வாக்குமூலம் அல்ல, வெறும் பொருள். வாரண்டு வாங்கப் போனால் அதற்குள் அது கரைந்துவிடும். ஆகையால் எடுத்தது செல்லும் என்று பெரும்பான்மையோர் தீர்த்தார்கள். ஆஸ்பத்திரியில், டாக்டர் கையால், முறையாக எடுக்கப்பட்டது என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். நினைத்த இடத்தில் நினைத்தவர் எடுக்கலாம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி, எண்ணை எப்படிப் பிடித்தார்கள் என்பது. பிரிட்டனில் போக்குவரத்து மந்திரியாக இருந்த பார்பரா காஸில் அம்மையார் 1967-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நூறு மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். மூச்சுப் பரிசோதனை அந்த வருஷம் அக்டோபர் 9-ந் தேதி அமலுக்கு வந்தது. மதுக்கடைக்காரர்கள் சீறினார்கள். அந்த அம்மாளுக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று பரிகாசம் செய்தார்கள்; அது வாஸ்தவம்தான். ஆனால் அடுத்த ஓராண்டில் சாலை மரணங்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன.

அதே சட்டம் வக்கீல்களுக்கு விருந்தாகவும் அமைந்தது. மந்திரி அங்கீகரித்த கருவியில்தான் ஊத வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. கையிலிருந்த கருவி அங்கீகாரம் பெற்றதுதான் என்பதைச் சர்க்கார் தரப்பு நிரூபிக்க மறந்துவிட்டது. ஒருவர் விடுதலையானார். சீருடை அணிந்த போலீஸ்காரர்தான் சோதிக்கலாம் என்றிருந்தது. தலையில் தொப்பி இல்லையே, இது சீருடையா என்று 1970-ல் ஒரு வழக்கு. தொப்பி இல்லாவிட்டாலும் சீருடை சீருடைதான் என்று நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு, மனம் பதறியதால், பாக்கெட்டிலிருந்த புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்தேன், ஓட்டும்போது குடிக்கவில்லை என்று சொல்லுகிறவர்களும் கிளம்பினார்கள்.

இவற்றைப் படிக்கிறபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. கிழவியின் பக்கத்தில் நின்று படித்தால் எரிச்சல்தான் அதிகம் வரும். ஆனால் நம் நாட்டு வழக்கு ஒன்று என்னைச் சற்று நிதானிக்க வைத்தது.

பம்பாய் மாகாணத்தில் 1949-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம். மதுவிலக்கு உள்ள இடத்தில் குடித்துவிட்டு ஓட்டுவது மட்டுமல்ல, குடிப்பதே குற்றம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்து ஜனங்களும் கண்டறிந்த நிலைமைதான். 1951-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பால்ஸாரா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியது. மதுவிலக்குச் சட்டம் பெரும்பாலும் செல்லும். ஆனால் சாராயச் சத்துக் கலந்த மருந்துகளையும் வாசனைத் திரவியங்களையும் உபயோகிப்பதைத் தடுக்கிற பகுதி செல்லாது என்று தீர்ந்தது.

சரியாக நான்கு நாள் கழித்து, மே மாதம் 29-ந் தேதி இரவு, பம்பாய்க் கொலாபாப் பக்கத்தில் ஒரு ஜீப் மூன்று பேரை இடித்துத் தள்ளியது. ஓட்டியவர் பெஹ்ராம் பெஸிகாக்கா. அவர் அப்போது பார்த்துவந்த உத்தியோகம் பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி! ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால் ஆசிரியர் வேண்டுமென்றே இழுத்துக் கட்டுகிறார் என்று வாசகர்கள் சொல்லுவார்கள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்தார். மூச்சில் சாராய வாசனை இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பேச்சுத் தெளிவாக இருந்தது, நேர்கோட்டில் நடந்தார். ஏதோ ஒரு ரூபத்தில் மது உட்கொண்டிருக்கிறார், ஆனால் அதன் மயக்கத்தில் இல்லை என்று டாக்டர் எழுதினார். தாம் மது அருந்தவில்லை, பி.ஜி. பாஸ் என்ற டானிக் மருந்தைச் சாப்பிட்டதாகப் பெஸிகாக்கா சொன்னார். மாஜிஸ்ட்ரேட் இரண்டு குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை செய்தார். சர்க்கார் அப்பீல் செய்தது. கவனமின்றி ஓட்டியதாகச் சொன்ன குற்றச்சாட்டில் விடுதலை சரிதான் என்று சொன்ன ஹைகோர்ட்டு, மதுவிலக்குக் குற்றத்துக்கு மட்டும் ஒரு மாதக் கடுங்காவலும் ஐந்நூறு ரூபாய் அபராதமும் விதித்தது.

வழக்கு டில்லிக்குப் போயிற்று. 1954-ல் முதலில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் நம் டி.எல். வெங்கடராம ஐயர். முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்து திளைத்த அதே சங்கீத ரசிகர்தான். மூவர் அபிப்பிராயமும் ஒன்றுபடவில்லை. அரசியல் சட்டப் பிரச்னை அடங்கியிருந்ததால் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்கு விஷயம் போயிற்று.

கேள்வி மிகச் சின்னது. வாசனை வந்தது நிஜம். அது மருந்தின் வாசனையா, மதுவின் வாசனையா? மருந்து என்று எதிரி நிரூபிக்க வேண்டுமா, மருந்து இல்லை என்று சர்க்கார் நிரூபிக்க வேண்டுமா? மருந்து சாப்பிடுவது குற்றமே இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, வெறும் வாசனையைக் காட்டிவிட்டு மீதியை எதிரியின் தலையில் சுமத்த முடியாது என்று தலைமை நீதிபதி மெஹர்சந்த் மகாஜனும் அவரோடு ஒத்த பெரும்பான்மையோரும் தீர்த்தார்கள். எஸ்.ஆர். தாஸ் மட்டும் மாறுபட்டார். பெஸிகாக்கா விடுதலையானார்.

அந்தத் தீர்ப்பு நீளமானது. அரசியல் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். செல்லாத சட்டம் செத்த சட்டமா, உறங்குகிற சட்டமா என்றெல்லாம் அதில் பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் ஜீப்பில் அடிபட்ட மூன்று பேர் கதையின் தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டுப் பிறகு மறைந்து போகிறார்கள். அவர்கள் குணமானார்களா, பிற்பாடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது வாதத்துக்கு வேண்டியதில்லை. கதை எழுதுகிறவனுக்கு இது உறுத்துகிறது. சட்டம் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த மூவருக்கும் அது பதில் அல்ல.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பெஸிகாக்காவின் வக்கீல் கண்டுபிடித்த ஓட்டையைப் பம்பாய்ச் சட்டசபை பார்த்தது. 1959-ல் சட்டத்தைத் திருத்தியது. டாக்டர் முறைப்படி ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 0.05 பங்கோ அதற்கு மேலோ இருந்தால், அது மருந்தால் வந்தது என்று காட்டும் பொறுப்பு எதிரியுடையது. வாசனைக்குப் பதில் அளவு வந்தது. அளவு வந்த பிறகே சுமை மாறியது.

மறுபடியும் 1971-ல், அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த பச்சுபாய் கார்யானி வழக்கில், வாசனை, தள்ளாட்டம், தெளிவற்ற பேச்சு, விரிந்த பாவை ஆகியவற்றைச் சொன்ன டாக்டர் ரத்தத்தையோ சிறுநீரையோ சோதிக்கவில்லை. இந்த அடையாளங்களைக் கொண்டு மட்டும் மது அருந்தினான் என்று நிச்சயமாக முடிவு கட்ட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நான் பார்த்த கோர்ட்டில் அந்த டாக்டரிடம் வக்கீல் "ரத்தம் எடுத்தீர்களா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்வியின் பூர்வீகம் இதுதான்.

இப்போது அமலில் உள்ளது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதன் 185-வது பிரிவு முதலில் ரத்தத்தில் எவ்வளவு சொற்பமாக மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994-ல் திருத்தி, நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று வரம்பு கட்டினார்கள். பார்பரா காஸிலின் வரம்பில் பாதிக்கும் குறைவு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பது 2019-ல் வந்த திருத்தம். அதற்கு முன் அபராதம் இரண்டாயிரம் வரையாக இருந்தது.

அதே சட்டத்தில் எதிரிக்கான காப்பும் இருக்கிறது. தப்பிக்க விடாத கண்ணியும் இருக்கிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனை நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இது காப்பு. தகுந்த காரணம் இல்லாமல் மூச்சோ ரத்தமோ கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பையே சர்க்கார் தரப்புக்கு அநுசரணையான சந்தர்ப்பமாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். இது கண்ணி. "ஊதாதே, ஒன்றும் பண்ண முடியாது" என்று டீக்கடையில் இலவச ஆலோசனை சொல்லுகிறவர்கள் இரண்டாவது பகுதியைப் படிப்பதில்லை.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தக் குற்றத்தின் சாட்சி ஓடிக்கொண்டே இருக்கிற சாட்சி. கொலைக் கத்தி பத்து வருஷம் கழித்தும் கத்தியாகவே இருக்கும். ரத்தத்தில் இருக்கும் மது விடிவதற்குள் கரைந்துவிடும். அதற்குள் எடுக்க வேண்டும். சுத்தமாக எடுக்க வேண்டும். முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நிஜமாகவே குடித்தவன் தப்பித்துக்கொள்வான். அல்லது நிஜமாகவே குடிக்காதவன் மாட்டிக்கொள்வான். இரண்டும் அநியாயமே.

முறையாகச் செய்த வேலை எப்படி நிற்கும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2006-ம் வருஷம் நவம்பர் மாதம், மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் ரோடில், விடியற்காலையில் ஒரு கார் நடைபாதையில் ஏறியது. சாலை வேலைக்கு வந்த கூலியாட்கள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேர் மாண்டார்கள். எட்டுப் பேருக்குக் காயம். ஓட்டிய இளைஞரின் ரத்தத்தில் நூற்றுக்கு 0.112 பங்கு மது இருந்தது. விசாரணைக் கோர்ட்டு கவனக் குறைவால் மரணம் விளைவித்தது என்று மட்டும் கண்டு ஆறு மாதச் சிறை கொடுத்தது. ஹைகோர்ட்டு அதைக் கொலையாகாத மரணம் என்னும் பெரிய குற்றமாகக் கண்டு மூன்று வருஷமாக்கியது. குடித்திருந்தார் என்பது குற்றச்சாட்டுப் பத்திரத்தில் எழுதப்படவில்லையே என்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார்கள். 2012 ஜனவரியில் அந்த வாதம் தோற்றது. அதனால் எதிரிக்கு எந்த அநீதியும் நேர்ந்துவிடவில்லை, தம்மேல் சுமத்தப்பட்டது என்ன என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிபதிகள் சொன்னார்கள். வக்கீல் எல்லாக் கேள்விகளையும் கேட்டார். கேட்டும் சாட்சியம் நின்றது. கேள்வி கேட்கப்பட்டு நின்ற தீர்ப்புக்கு இருக்கும் பலம், கேள்வியே கேட்காமல் கொடுத்த தீர்ப்புக்கு வராது.

அன்றைய தண்டனைச் சட்டத்தில் கவனக் குறைவால் மரணம் விளைவித்ததற்கு இரண்டு வருஷமே உச்சத் தண்டனை. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது ஐந்து வருஷம் வரை உயர்ந்திருக்கிறது. தண்டனை உயர உயர, "எப்படித் தெரியும்?" என்று கேட்பவரின் அவசியமும் உயருகிறது.

இதில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. மும்பைக் கார்க்காரருக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் வக்கீல் உண்டு. இரவில் சோதனைச் சாவடியில் பிடிபடும் லாரி டிரைவர், முதலாளிக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பயத்தில், கருவி என்ன காட்டியது என்றுகூடக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். கைதானவன் தன் விருப்பப்படி வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்று அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து சொல்லுகிறது. காவலில் இருப்பவனுக்கு இலவசச் சட்ட உதவி கேட்க உரிமை உண்டு என்று 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் சொல்லுகிறது. நான் கோர்ட்டு வராந்தாவில் பேசிப் பார்த்த டிரைவர்களில் இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

என் வக்கீல் நண்பரிடம் ஒரு நாள், இப்படி ஒருவன் நள்ளிரவில் உங்களுக்கு டெலிபோன் செய்தால் முதலில் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டேன். ஏதாவது தந்திரம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அடிபட்டவனை முதலில் ஆஸ்பத்திரியில் சேர் என்று சொல்லுவேன். அது சட்டம். 134-வது பிரிவு. ஓடிப் போகாதே என்று சொல்லுவேன். டாக்டர் ரத்தம் எடுத்தால் கொடு, நேரத்தைக் குறித்துக்கொள், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லுவேன். பாக்கியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பேன்."

"குடித்தது நிஜமென்றால்?"

"நிஜமென்றால் அது எண்ணில் வரும். வந்தால் ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவேன். வராவிட்டால் வாதாடுவேன். எண்ணை ஒழுங்காகக் கொண்டுவருவது என் வேலை இல்லை, ஓய். அவர்கள் வேலை."

அந்த லாரி வழக்கில் டாக்டர் ரத்தம் எடுக்கவில்லை. எதிரி குடித்த குற்றத்திலிருந்து சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றார். கவனமின்றி ஓட்டிக் காயம் விளைவித்ததற்கு மட்டும் தண்டனை கிடைத்தது. தீர்ப்பன்று கிழவி வந்திருந்தாள். பக்கத்தில் பேரனும் கட்டைக்காலோடு உட்கார்ந்திருந்தான். அவளுடைய கண் வக்கீலை முறைத்துக்கொண்டிருந்தது.

அவளிடம் போய், "அம்மா, நீ கோபித்துக்கொள்ள வேண்டியது கேள்வி கேட்டவரை அல்ல, பதில் இல்லாமல் வந்தவர்களை" என்று சொல்ல வேண்டும் என்று இன்று தோன்றுகிறது. அன்று எனக்கு இவ்வளவு தெரியாது. பையனுக்கு நஷ்ட ஈடு கேட்டுத் தனியாக மனுப் போடலாம், அதற்கும் வக்கீல் உண்டு என்று மட்டும் சொன்னேன்.

கிழவி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "எங்களுக்கும் பேச ஆள் உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு, அம்மா" என்றேன். வராந்தாவின் கோடியில் சட்ட உதவி அலுவலகம் இருந்தது. பேரனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் பக்கமாக நடந்தாள்.